வண்டியைச் சோதியுங்கள்... பட்டறையைப் பூட்டாதீர்கள்!

வீட்டுக் கொட்டகையில் பழைய பிக்கப்பைத் தன் கையால் கட்டி எழுப்புகிறவருக்குச் சட்டத்தில் ஒரு வாசல் வேண்டும். ஏன் வேண்டும் என்பது விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு மண்ணில் நின்று பார்த்தால் தெளிவாகப் புரியும்.

தகரக் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கும் செயின் பிளாக் கடகடவென்று இழுபட, அரை நூற்றாண்டு பழைய கேபின் சேஸை விட்டு அங்குலம் அங்குலமாக மேலெழுகிறது. கேபின் விலகியதும் முதலில் கண்ணில் படுவது துருதான். டிங்கர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, சேஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே வருகிறார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உள்ளே அரித்துப்போன இடத்தில் ஓசை செத்து விழும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுகிறார். பிறகு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் சட்டத்தின் கிரீஸைத் துடைத்து, உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கிறார். குத்திய எண்கள் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. மேலே ஒரு தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், சேஸ் நம்பர் தாளில் ஏறிவிடுகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டிய ‘பென்சில் பிரிண்ட்’ அது. பழைய வண்டியைப் பிரித்துக் கட்டும் எந்தக் கொட்டகையிலும் வேலை ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறது.

அதன் பிறகு பல மாத உழைப்பு இருக்கிறது. அரித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். கிடைக்காத உதிரி பாகத்தை லேத்தில் கடைந்து வாங்க வேண்டும். கதவு, பானெட், பின்பக்கத் தொட்டி என எல்லாவற்றுக்கும் டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று வரிசையாக வேலை நிற்கும். எல்லாம் முடிந்து பிக்கப் எழுந்து நிற்கும்போது, அதைக் கட்டியவருக்கு ஒரு கேள்வி காத்திருக்கிறது: இது சட்டப்படி என்ன வண்டி? அந்தக் கேள்விக்கு இன்று நேர்மையான பதில் கிடையாது. தன் கையால் ஒரு வண்டியைக் கட்டி, ‘வந்து சோதித்துப் பாருங்கள்’ என்று அரசிடம் முன்வருகிற குடிமகனைச் சோதிக்க நம்மிடம் ஓர் ஏற்பாடே இல்லை. இந்த வெற்றிடம் சாலையைப் பாதுகாப்பானதாக ஆக்கவில்லை. மாற்றங்களைப் பார்வைக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளியிருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இரண்டு விதிகளுக்கு நடுவே

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வந்தபோது, அதன் 52-ஆவது பிரிவு ஒரு வழியைத் திறந்தே வைத்திருந்தது. வண்டியில் மாற்றம் செய்ய விரும்பும் உரிமையாளர் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஒப்புதல் பெற்று, மாற்றிக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டில் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்தது. தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கும் வேறுபாடு வருமாறு எந்த மாற்றமும் கூடாது என்பது இப்போதைய நிலை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதிசெய்தது. மாநில விதிகள் எதைச் சொன்னாலும், தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றத்தை அனுமதிக்க முடியாது என்றது.

சரி, பழமை வாகனங்களுக்கென்று தனி விதி இருக்கிறதே என்று கேட்கலாம். 2021 ஜூலையில் மத்திய அரசு அதை அறிவித்தது உண்மை. 50 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனி எண் வரிசை கிடைத்தது. நல்ல விதிதான். ஆனால், வண்டி மூலவடிவத்திலேயே இருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. வணிகப் பயன்பாட்டுக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் அதில் இடமில்லை. நம் ஊரில் பிக்கப் என்றாலே சரக்கு வாகனம் என்பதால், முதல் படியிலேயே அது வழுக்குகிறது.

இப்போது கொட்டகையில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். 1960-களின் கேபின், அடியில் பிற்காலத்துச் சேஸ், பிரேக், எஞ்சின். பழைய ஆர்.சி.யைக் காட்டினால் சேஸ் நம்பர் பொருந்தாது. புதிய சேஸுக்குரிய ஆர்.சி.யைக் காட்டினால் பாடி பொருந்தாது. பழமை வாகனமாகக் கொண்டுபோனால் மூலவடிவம் இல்லை. மூன்று கதவும் அடைபட்ட பிறகு மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. சிலர் வண்டியைக் காட்சிப் பொருளாக நிறுத்திவிடுகிறார்கள். சிலர் எஃப்.சி. காட்டும் நாளுக்கு மட்டும் பழைய பாகங்களை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றிவிடுகிறார்கள். வேறு சிலர் எதையும் காட்டாமலே ஓட்டுகிறார்கள். கடைசி இரண்டு வகை வண்டிகளும் நாமும் நம் பிள்ளைகளும் போகிற சாலையில்தான் ஓடுகின்றன. அவற்றில் வைத்த வெல்டிங்கை எந்த அதிகாரியும் பார்த்ததில்லை. விபத்து நேர்ந்தால், ஆர்.சி.யில் உள்ள வண்டிதானா இது என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும். அந்தக் கேள்வியில் சிக்கி அலைவது, வண்டி கட்டியவரோடு சேர்ந்து, அடிபட்டவரின் குடும்பமும்தான்.

பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

• 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

• பழமை வாகனப் புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

• 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய இலகு ரக வாகனங்களுக்கு 2025-இல் அது 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது.

• அங்கீகரிக்கப்பட்ட எரிவாயு, மின்சாரக் கருவித்தொகுப்புகளைப் பழைய வண்டியில் பொருத்தச் சட்டத்தில் இடம் உண்டு.

கைத்திறனுக்குப் பஞ்சமில்லை

இந்தப் பேச்சை விருதுநகர் மாவட்டத்திலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமி, அதன் பிறகு இயந்திரங்களோடு வாழக் கற்றுக்கொண்டது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட, அச்சுத் தொழில் வளர்ந்தது. வெளிநாட்டில் ஓடிக் களைத்த அச்சு இயந்திரங்களை வாங்கிவந்து, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் ஓடவைத்த கைகள் சிவகாசியின் கைகள். சாத்தூரில் பேனா நிப் செய்தவர்களின் நுணுக்கம் இன்னொரு வகை. பழைய இரும்பைப் பார்த்து, ‘இது ஓடும், இது ஓடாது’ என்று சொல்லத் தெரிந்த ஊர்களுக்குப் பழைய பிக்கப் பெரிய புதிர் அல்ல.

வண்டியை மாற்றிக் கட்டுவது தமிழர் வாழ்வில் பொழுதுபோக்காகத் தொடங்கியதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவியை உருவாக்கி, பஸ்களைக் கரியில் ஓடவைத்தது. 1990-களில் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், பழைய ஆஸ்டின் ஏ-40 கார்களைக் கொஞ்சம் பெட்ரோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கரூரில் பஸ் பாடியும், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பகுதிகளில் லாரி பாடியும் கட்டுவது இன்றும் நாடறிந்த தொழில். புதுச் சேஸ்மேல் பாடி கட்டுகிற கைக்குச் சட்டம் தரநிர்ணயம் வகுத்து மரியாதை தந்திருக்கிறது. அதே கை பழைய சேஸைத் தொட்டால் குற்றமாகிவிடுவதற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை. தரநிர்ணயம் எழுதப்படவில்லை என்பது ஒன்றே காரணம்.

மூலவடிவம் எல்லாம் பாதுகாப்பு ஆகாது

‘நிறுவனம் செய்தபடியே இருந்தால்தான் பாதுகாப்பு’ என்பது இந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. புது வண்டிக்கு அது சரி. அரை நூற்றாண்டு பழைய வண்டிக்கு அது பெரும்பாலும் தலைகீழ். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கர பிரேக்குக்கும் ஒரே ஆயில் பாதைதான். ஏதோ ஒரு சக்கரத்தில் ரப்பர் வாஷர் கிழிந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். பிற்கால வண்டிகளில் பாதை இரண்டாகப் பிரிக்கப்பட்டது, ஒன்று போனாலும் மற்றது நிறுத்துவதற்காக. பழைய ஸ்டீரிங் தண்டு ஒரே நீள இரும்பு. நேருக்கு நேர் மோதினால் ஓட்டுநரின் மார்பில் பாயும். பழைய ஜீப்புகளில் பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. சீட் பெல்ட் என்ற ஒன்றே கிடையாது. இவற்றையெல்லாம் மாற்ற நினைக்கிற கொட்டகைக்காரர், வண்டியை மூலத்தைவிட நல்லதாக்க முயல்கிறார். பிரேக்கையும் ஸ்டீரிங்கையும் அந்தக் கால அமைப்பிலேயே விட்டவருக்குச் சிக்கல் இல்லை. சேஸோடு சேர்த்துப் பிற்கால அமைப்புக்கு மாறியவருக்குத்தான் பதிவு மறுக்கப்படும் என்றால், விதி தன் நோக்கத்தையே மறந்துவிட்டது.

புகையிலும் இதே முரண்தான். பழைய எஞ்சின் காற்றைக் கெடுக்கும் என்ற கவலை முழுக்க நியாயமானது. ஆனால், புகைச் சோதனை வண்டியின் வயதுக்கேற்ப அளக்கிறது. பாரத் ஸ்டேஜ் விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் கார், நின்ற நிலையில் 3 விழுக்காடு வரை கார்பன் மோனாக்சைடு விட்டாலும் தேறிவிடும், பி.எஸ்.4 காருக்கான வரம்பு 0.3 விழுக்காடு. அதாவது, பழைய எஞ்சினை வைத்திருப்பவருக்குப் பத்து மடங்கு சலுகை. அதை எடுத்துவிட்டுச் சுத்தமான எஞ்சினை வைக்க விரும்புகிறவருக்கோ, அதே நிறுவனத்தின் அதே வகையல்ல என்ற தடை. காற்றைக் காப்பாற்றுவதுதான் குறிக்கோள் என்றால், எஞ்சின் மாற்றத்தைத் தடுப்பதைவிட, புதிய எஞ்சினுக்குரிய வரம்பை அந்த வண்டிக்கு விதித்து அனுமதிப்பதே நேர்வழி.

பெட்டிச் செய்தி: எப்போது பார்க்க வேண்டும்?

• சேஸ் நிர்வாணமாக இருக்கும்போது: அரித்த இடம், வெல்டிங், சேஸ் நம்பர் ஆகியவற்றை அப்போதுதான் பார்க்க முடியும். பட்டி பூசிப் பெயின்ட் அடித்த பிறகு மோசமான வெல்டிங்கும் அழகாகத் தெரியும்.

• சேஸோடு பிரேக், ஸ்டீரிங், ஆக்சில் சேர்ந்ததும்: எடைக்கேற்ற பிரேக்கா, எஞ்சினின் பலத்தை ஆக்சில் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

• வண்டி முழுமையானதும்: பிரேக் தூரம், விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட் பிடிமானம், புகை, ஒலி.

பட்டாசு கற்றுத்தந்த பாடம்

‘வீட்டில் வைத்துப் பட்டாசு செய்து சிதறிய உயிர்கள் போதாதா? இப்போது வீட்டில் வைத்து வண்டியுமா?’ என்று இந்த மாவட்டத்தில் ஒருவர் கேட்டால், அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். ஆனால், இந்தத் துயரங்கள் எதைச் சொல்கின்றன என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அவை உரிமம், விதி என்று எதுவுமே இல்லாத தொழிலில் நடந்தவை அல்ல. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று எல்லாம் எழுதப்பட்ட தொழில் இது. விபத்துக்குப் பிறகு நடந்த விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிவருவது கூடுதல் ஆட்கள், கூடுதல் மருந்து, மரத்தடியில் வேலை, உள்குத்தகை ஆகியவைதான். விதி காகிதத்தில் இருந்தது; கண் வேலை நடக்கும் இடத்தில் இல்லை.

ஆகவே, பட்டாசு தரும் பாடம் தடை பற்றியதல்ல. ஆபத்தைக் குறைப்பது நேரில் வந்து பார்க்கும் சோதனை. வண்டி விஷயத்தில் அந்தச் சோதனை இன்னும் எளிது. வெடிமருந்து வேலையில் ஆபத்து கலவை கைக்கு வந்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் வேலை நடக்கும் இடமே ஆபத்து, வீட்டில் அதைச் செய்யவே கூடாது. பிக்கப் சாலையில் இறங்கும் வரை ஊருக்கு ஆபத்தில்லை. சாலைக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு வாசல் வைத்து, அங்கே பிரேக் இன்ஸ்பெக்டரை நிறுத்தினால் போதும். பட்டாசுப் பகுதிக்கென்று இரண்டு கூடுதல் நிபந்தனைகளை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பட்டாசு ஆலை, குடோன், கடை ஆகியவற்றின் அருகே வெல்டிங், கிரைண்டிங் வேலைக்கு இடம் தரக் கூடாது. அலுமினியப் பவுடரும் கந்தகமும் புழங்கும் இடத்துக்கு ஒரு பொறி போதும். இப்படிக் கட்டிய வண்டியில் பட்டாசு ஏற்றவும் கூடாது. வெடிபொருள் வாகனத்துக்கு வெடிபொருள் விதிகள் தனியே இருக்கின்றன, அவற்றை இதோடு கலக்க வேண்டியதில்லை.

உலகம் எப்படிச் சமாளிக்கிறது?

பிரிட்டனில் தனிமனிதர் கட்டிய வண்டிக்கென்றே தனி அங்கீகாரச் சோதனை உண்டு. ஒவ்வொரு வண்டியாக, பிரேக்கிலிருந்து சீட் பெல்ட் பிடிமானம் வரை, கூரிய விளிம்பு எங்கும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பது வரை பார்ப்பார்கள். தேறினால் பதிவு, தேறாவிட்டால் குறையைச் சரிசெய்து மறுபடி வரலாம். மாற்றிக் கட்டிய பழைய வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவுசெய்ய, பல ஆண்டுகள் ஒரு புள்ளிக் கணக்கைப் பின்பற்றினார்கள். சேஸுக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 8 வந்தால் எண் நிலைக்கும். எது மாறினால் வண்டி அதே வண்டியாக இருக்கும் என்பதற்கு ஒரு தெளிவான அளவுகோல் கிடைத்தது.

பழைய பிக்கப்பை ஆசையாய் மாற்றிக் கட்டும் வழக்கம் செழித்த அமெரிக்காவில், புகை விதியில் கடுமையான கலிபோர்னியா வேறொரு யோசனை செய்தது. இப்படித் தனியாகக் கட்டிய வண்டிகளுக்கு, அவை எந்த ஆண்டு மாடலைப் போல இருக்கின்றனவோ அந்த ஆண்டுக்குரிய புகை விதியே போதும் என்ற சலுகையைத் தந்தது; ஆனால், ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும். ஆசைக்கும் காற்றுக்கும் நடுவே எண்ணிக்கையால் ஒரு கோடு. ‘அனுமதித்தால் வெள்ளமாகப் பெருகிவிடும்’ என்று அஞ்சுவோருக்கு இதிலேயே பதில் இருக்கிறது. மாநிலத்துக்கு ஆண்டுக்கு இத்தனை என்று ஓர் உச்சவரம்போடு தொடங்கலாம்.

எதிர்க் கேள்விகள்

திருட்டு வண்டிகளை உருமாற்றி விற்க இது வழியாகாதா? இன்றைய நிலைதான் அதற்கு வசதியானது. கணக்கில் வராத வேலையில் எந்தச் சேஸ் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சேஸுக்கும் எஞ்சினுக்கும் ரசீது, பழைய ஆர்.சி., போலீஸ் பதிவுகளில் சரிபார்ப்பு, வேலை தொடங்கும் முன்பே பென்சில் பிரிண்ட்டோடு விண்ணப்பம் என்று ஆக்கினால், திருடன் இந்தப் பக்கமே வரமாட்டான். வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டிய ஏற்பாடு, மறைக்க எதுவும் இல்லாதவருக்கே பயன்படும்.

இது வசதி படைத்தவர்களின் ஆசை, அதற்கு ஏன் அரசு மெனக்கெட வேண்டும் என்பது இன்னும் கனமான கேள்வி. வண்டியின் சொந்தக்காரர் வசதியானவராக இருக்கலாம். ஆனால், அந்த வண்டிக்குள் போகும் உழைப்பு டிங்கருடையது, லேத்காரருடையது, வெல்டருடையது, குஷன் தைப்பவருடையது. ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கை செய்துவிடும் வேலையைப் பழைய வண்டியில் மனிதக் கைதான் செய்தாக வேண்டும். 2018-இல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே, ராமநாதபுரமும் விருதுநகரும். அதே 2018-இல் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டும் என்று கட்டுப்படுத்தியதிலிருந்து, பட்டாசை மட்டும் நம்பி நாளை நகராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய வண்டி கட்டுவது பட்டாசுத் தொழிலின் இடத்தை நிரப்பிவிடும் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது ஏமாற்று. ஆனால், நெருப்பின் பக்கம் போகாமல் கைத்திறனால் பிழைக்கிற ஒவ்வொரு சிறு தொழிலும் இந்த மாவட்டத்துக்குத் தேவை. அப்படி ஒன்று கண்முன்னே இருக்கும்போது, அதைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவைப்பது யாருக்கும் லாபமில்லை.

அதிகாரிகளுக்கு நேரமோ நிபுணத்துவமோ எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆர்.டி.ஓ. ஆபீசில் வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கே நேரம் போதவில்லை. ஆனால், இந்தச் சுமை முழுவதையும் அவர்கள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரகடத்தில் உலகத் தரத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தரநிர்ணயத்தை அங்கே எழுதலாம். இடைக்காலச் சோதனைகளை அங்கீகாரம் பெற்ற பொறியாளர்களிடம் ஒப்படைக்கலாம். சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று மாவட்டத்துக்குள்ளேயே இயந்திரவியல் படித்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள். ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பு: பார்க்காமல் கையெழுத்துப் போட்ட பொறியாளருக்கு, வண்டி கட்டியவருக்கு உள்ள அதே தண்டனை. இந்த ஒரு வரி இல்லாவிட்டால், பட்டாசில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். உரிமம் இருக்கும், சோதனை இருக்காது.

பெட்டிச் செய்தி: கேட்பது இவ்வளவே

• 52-ஆவது பிரிவில், 2000-க்கு முன் இருந்ததுபோல், முன்அனுமதியோடு மாற்றம் செய்யும் வழியை மீண்டும் திறப்பது. அனுமதிக்கு முன் சோதனையைக் கட்டாயமாக்குவது.

• தனியாகக் கட்டிய வண்டிக்கு ஆர்.சி.யில் தனி வகை. மூலவண்டி என்று சொல்லி விற்க முடியாதபடி அந்தக் குறிப்பு நிரந்தரமாக இருப்பது.

• பொருத்திய எஞ்சினின் காலத்துக்குரிய புகை வரம்பு. ஆண்டுக்கு இத்தனை வண்டி என்ற உச்சவரம்பு.

• வாடகைக்கும் சரக்குக்கும் இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்.

சட்டத்தை மாற்றும் அதிகாரம் டெல்லியிடம் இருக்கிறது. என்றாலும், பஸ் பாடிக்கும் லாரி பாடிக்கும் நாட்டில் பெயர் வாங்கிய தமிழ்நாடு இந்தக் கோரிக்கையை முன்வைத்தால் அதற்கு எடை உண்டு. மாநிலப் போக்குவரத்துத் துறை ஒரு மாதிரி விதியை எழுதி, விருதுநகர் மாவட்டத்தில் சோதனை முயற்சியாகச் சில வண்டிகளை மூன்று கட்டமாகப் பரிசோதித்து, அந்த முடிவுகளோடு மத்திய அமைச்சகத்தை அணுகலாம். சோதனையில் தேறாத வண்டிகளே அதிகம் என்று வந்தால், தடை சரிதான் என்பதற்கு முதன்முறையாக ஆதாரம் கிடைக்கும். தேறிய வண்டிகள் அதிகம் என்றால், இத்தனை ஆண்டுகளாக நல்ல வேலையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தோம் என்பதை ஒப்புக்கொண்டு வாசலைத் திறக்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும், பார்த்து முடிவெடுத்த அரசு என்று பெயர் கிடைக்கும். பார்க்காமலே பூட்டிவைப்பதை, பாதுகாப்பின் பெயரால் இனியும் நியாயப்படுத்த முடியாது.